அந்தக் கேமரா அப்பல்லோ 11 கிளம்பியதைப் பார்த்ததா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவில் டைட்டஸ்வில் ஊரில், கென்னடி விண்வெளி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிறகு காலமான ஒருவரின் வீட்டுச் சாமான்களை அவர் மகள் விற்கிறார். அதில் சாம்பல் நிற 16 மி.மீ. மில்லிக்கன் கேமரா ஒன்று, அதிவேக சினிமாக் கேமரா, இருக்கிறது. "அப்பல்லோ 11 மேலே போனதை அப்பா இதில்தான் படமெடுத்தார்" என்று மகள் சொல்கிறார். விலை 2,800 டாலர். ஆறு படம் போட்டு, இது அசல்தானா, விலை தகுமா, ஃபிலிம் போட்டு ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அசலா என்பதற்கு உடனே பதில் சொல்லலாம். கேமரா அசல். ஏவுதளத்தில் வேலை செய்த கேமரா என்பதையும் ஏறக்குறைய நம்பலாம். ஆனால் அந்த 2,800 டாலரில் பெரும் பங்கு இரும்புக்குப் போகவில்லை, மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் போகிறது. அந்த வாக்கியத்துக்குக் கேமராவின் உடம்பில் சாட்சி இருக்கிறதா என்பதுதான் நீங்கள் நிஜமாகக் கேட்க வேண்டியது. நீங்கள் போட்ட படங்களில் அதற்குச் சாட்சி இல்லை. ஆனால் நான்காவது படத்தில் வேறொன்று இருக்கிறது. விற்கிறவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அது அப்பல்லோ கதையை விடச் சுவாரசியமாக இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னை வடபழனியில் ஒரு வாடகைக் கேமரா யூனிட்டில் உதவியாளாகச் சேர்ந்து, மிட்செல், ஆரி கேமராக்களைக் கழற்றிப் பூட்டித் தொழில் பழகினேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கலிஃபோர்னியாவில் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கிறேன். ராக்கெட் தளங்களில் பயன்படுத்திய அதிவேகக் கேமராக்கள் என் மேஜைக்கு அடிக்கடி வருகின்றன. நாசாவில் நான் வேலை பார்த்ததில்லை. வக்கீலும் இல்லை. கேமராவைத் திறந்தால் அது என்ன சொல்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம்.

இந்தக் கேமராக்கள் எதற்கு இருந்தன என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். டிவியில் காட்டவோ பத்திரிகைக்குக் கொடுக்கவோ இவற்றை வைக்கவில்லை. இன்ஜின் எரியத் தொடங்கும்போது, ராக்கெட்டைப் பிடித்திருக்கும் கைகள் விடும்போது, குழாய்கள் பிடுங்கிக்கொண்டு வரும்போது ஒவ்வொன்றும் சரியாக நடந்ததா என்று பொறியாளர்கள் பிறகு உட்கார்ந்து பார்ப்பதற்காக வைத்தவை. அப்பல்லோவைத் தூக்கிப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டில், கிளம்புவதற்கு 9 விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே பற்றவைப்பு தொடங்கிவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே நெருப்புக் குழப்பம். விநாடிக்கு 400, 500 ஃபிரேம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் எது முதலில், எது பிறகு என்று பிரியும். அப்பல்லோ 11 கிளம்பும்போது மேடைத் தளத்தில், குவார்ட்ஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து விநாடிக்கு 500 ஃபிரேம் எடுத்த ஈ-8 கேமராவின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீ முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே பொங்கி, கண்ணாடி கறுத்து, மறுபடி தெளியும். அரை நிமிஷ நிகழ்ச்சி சாதாரண வேகத்தில் ஓடினால் பத்து நிமிஷத்துக்கு மேல் நீளும்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 40 ஃபிரேம். 400 அடிச் சுருளில் 16,000 ஃபிரேம். விநாடிக்கு 400 ஓடினால் 40 விநாடியில் சுருள் காலி. அதாவது இந்தக் கேமராவின் முழு வேலையும் 40 விநாடி. அந்த 40 விநாடிக்காக ஃபிலிம் மாட்டி, லென்ஸைக் குறி வைத்துப் பூட்டி, ஆட்களை வெளியேற்றிவிட்டு, தூரத்திலிருந்து சுவிட்ச் போடுவார்கள். மாட்டினவர் பக்கத்தில் நின்று படமெடுக்கவே முடியாது. அதனால் "அப்பா இதில் படமெடுத்தார்" என்று மகள் சொல்வதை, "அப்பா இதைத் தயார் செய்து மாட்டும் குழுவில் இருந்தார்" என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் சின்ன வேலை இல்லை.

எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு விஷயம் போதும். 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய சற்று நேரத்தில் சிதறிப்போன சேலஞ்சர் ஷட்டில் (விண்வெளி ஓடம்) புறப்பட்டு 0.678 விநாடியில், வலது பூஸ்டர் ராக்கெட்டின் கீழ் இணைப்புப் பக்கம் சாம்பல் நிறப் புகை ஒன்று பீறிட்டது. அடுத்த இரண்டு விநாடிக்குள் இன்னும் எட்டுப் பீறல்கள். யாரும் அப்போது அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் புகை எந்த இடத்திலிருந்து வந்தது என்று துல்லியமாகக் காட்டியிருக்கக்கூடிய இரண்டு கேமராக்கள் அது கிளம்பிய 39பி மேடையில் இருந்தன. இரண்டும் அன்று ஓடவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இது இருக்கிறது. இந்த மாதிரி கேமராவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டும்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, உங்கள் படங்களுக்கு வருவோம். முதல் படத்தில் பெயர்த்தகடு தெளிவாக இருக்கிறது: டி. பி. மில்லிக்கன் கம்பெனி, ஆர்கேடியா, கலிஃபோர்னியா. இது நல்ல அறிகுறி. பிற்காலக் கேமராக்களில் டெலிடைன் என்ற கம்பெனியின் பெயரும் சேர்ந்து வரும். வெறும் மில்லிக்கன் என்று மட்டும் இருப்பதால் இது முந்தைய காலத்து உடம்பு. 1969-இல் இது இருந்திருக்க முடியும். முடியும் என்பது வரைதான், அதற்கு மேல் இந்தத் தகடு எதுவும் சொல்லாது.

மூன்றாவது படத்தில், அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் மஞ்சள் பூத்த ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கிறது. 6710 என்று தொடங்கி, ஒரு கோடு, இரண்டு சுழியம், இன்னொரு கோடு, பிறகு ஏழு இலக்கம். இது அமெரிக்க அரசின் சரக்கு எண். 67-இல் தொடங்கினால் புகைப்படக் கருவி, 6710 என்றால் சினிமாக் கேமரா, 6720 என்றால் ஸ்டில் கேமரா. 1974 வரை இந்த எண் 11 இலக்கமாக இருந்தது. அதன் பிறகு நடுவில் இரண்டு இலக்கம் சேர்த்து 13 ஆக்கினார்கள். பழைய பட்டியலில் ஏற்கெனவே இருந்த பொருளுக்கு நடுவில் இரண்டு சுழியம் போட்டார்கள், புதிதாக வந்தவற்றுக்கு 01. ஆக உங்கள் ஸ்டிக்கர் இரண்டு செய்தி சொல்கிறது. இந்த மாடல் 1974-க்கு முன்பே அரசுப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஸ்டிக்கர் 1974-க்குப் பிறகு ஒட்டினது. கேமரா அப்பல்லோ காலம் முடிந்த பிறகும் வேலையில் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம்.

இப்போது நான்காவது படம். பக்கவாட்டில் நீல நிற டைமோ பட்டை ஒன்று இருக்கிறதே, எழுத்தை அழுத்திப் புடைக்க வைக்கும் அந்த பிளாஸ்டிக் நாடா. ஒரு முனை சுருண்டு தூக்கிக்கொண்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "எம்.எல்.பி. 3" என்று இருக்கிறது. இதுதான் நான் சொன்ன சுவாரசியம்.

எம்.எல்.பி. என்பது மொபைல் லாஞ்சர் பிளாட்ஃபார்ம். ராக்கெட்டை நிற்க வைத்து, மேடை வரை தூக்கிச் செல்லும் பெரிய இரும்புத் தளம். அப்பல்லோ காலத்தில் அதற்கு எம்.எல். என்றுதான் பெயர். 1, 2, 3 என்று மூன்று இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கோபுரம் நின்றது. ஷட்டில் வந்தபோது கோபுரங்களை வெட்டி எடுத்துவிட்டு, தளத்தை மாற்றி அமைத்து, எம்.எல்.பி. என்று பெயர் வைத்தார்கள். எண்களும் மாறின. பழைய எம்.எல். 3 எம்.எல்.பி. 1 ஆனது. எம்.எல். 2 அப்படியே எம்.எல்.பி. 2. பழைய எம்.எல். 1-தான் எம்.எல்.பி. 3.

1969 ஜூலை 16 காலை 9.32-க்கு அப்பல்லோ 11 கிளம்பியது எம்.எல். 1-இன் மேலிருந்து. அதற்கு முன் அப்பல்லோ 4, அப்பல்லோ 8 இரண்டும் அதே தளத்திலிருந்துதான் போயின. அந்தத் தளம் எம்.எல்.பி. 3 என்ற பெயரில் முதல் ஷட்டிலை அனுப்பியது 1990 ஜனவரியில், எஸ்.டி.எஸ். 32 பயணத்துக்கு.

ஆக, இந்தப் பட்டையை ஒட்டினது ஷட்டில் காலத்தில். பெரும்பாலும் அந்தத் தளம் மறுபடி வேலைக்கு வந்த சமயத்தில் அல்லது அதற்குப் பிறகு. அந்த வீட்டுப் பெரியவர் மகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: "இந்தக் கேமரா மாட்டியிருந்த தளத்திலிருந்துதான் அப்பல்லோ 11 போச்சு." அது நூற்றுக்கு நூறு உண்மையான வாக்கியம். முப்பது வருஷம் கழித்து மகள் ஞாபகத்தில் அது, "இந்தக் கேமராவில்தான் அப்பல்லோ 11-ஐ எடுத்தார்" என்று ஆகியிருக்கலாம். இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நினைத்துப் பேசாதீர்கள். குடும்பக் கதைகள் இப்படித்தான் ஒரு படி நகர்ந்து வந்து நிற்கும்.

அப்படியானால் இது 1969-இல் அங்கே இருந்திருக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம். உடம்பின் வயது இடம் கொடுக்கிறது. ஆனால் இவை கருவிப் பெட்டியில் இருக்கும் ஸ்பேனர் மாதிரி. ஒரு ஏவுதல் முடிந்ததும் கழற்றி, சர்வீஸ் செய்து, ரேக்கில் வைப்பார்கள். அடுத்த முறை வேறு இடத்தில், வேறு லென்ஸோடு மாட்டுவார்கள். குறிப்பிட்ட ஒரு கேமரா குறிப்பிட்ட ஓர் ஏவுதலில் இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், கேமராவின் வரிசை எண்ணும் ஏவுதலின் பெயரும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அந்த மாதிரித் தாளோடு என் மேஜைக்கு வந்த கேமராக்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தாள் இல்லாமல் "அப்பல்லோ 11" என்று வந்தவை ஏராளம். எப்போதும் 11 என்றுதான் வரும். அப்பல்லோ 9, அப்பல்லோ 12 என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதுவே ஓர் எச்சரிக்கை.

இந்தத் துறையில் பொருள் சேர்க்க ஆசையிருந்தால், பெயர்களை வைத்துக் காலம் கணிக்கப் பழகிக்கொள்ளுங்கள். நாசா தொடங்கியது 1958 அக்டோபரில். அதற்கு முந்தைய கருவியில் நாசா தகடு இருந்தால், தகடு பிறகு வந்தது. ஃபுளோரிடாவில் ஏவுதளங்கள் இருக்கும் கேப் கனாவரலுக்கு 1963 முதல் 1973 வரை கேப் கென்னடி என்று பெயர். ஒரு பெட்டியில் "கேப் கென்னடி" என்று அச்சடித்திருந்தால், அந்தப் பத்து வருஷத்துக்குள் அடைத்துவிடலாம். அங்கே விமானப்படையின் ஏவுகணைச் சோதனைத் தளம் அட்லாண்டிக் மிசைல் ரேஞ்ச் என்ற பெயரிலிருந்து ஈஸ்டர்ன் டெஸ்ட் ரேஞ்ச் ஆனது 1964-இல். அந்தத் தளத்தை 1953 முதல் ஒப்பந்தத்தில் நடத்தியது பான் அமெரிக்கன் (சுருக்கமாகப் பான் ஆம்) விமானக் கம்பெனி. கருவிகளைப் பார்த்துக்கொண்டது ஆர்.சி.ஏ. என்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. அதனால் கேமராவில் விமானக் கம்பெனி பெயர் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு நாசா தகட்டை விட பான் ஆம் தகட்டின் மேல் நம்பிக்கை அதிகம். போலி செய்கிறவர்களுக்கு அது தெரியாது. அப்புறம் நாசாவின் சிவப்புப் புழுச் சின்னம், நான்கு எழுத்தும் வளைந்து வருமே அது, 1975 முதல் 1992 வரை. 2020-இல் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். நீல வட்டச் சின்னம் 1959-இலிருந்து.

போலியைப் பற்றி. கேமராவைப் போலியாகச் செய்ய முடியாது, அது கட்டுப்படியாகாது. தகட்டைச் செய்வது சுலபம். சில வருஷத்துக்கு முன் ஒருவரிடமிருந்து ஒரு ஃபோட்டோ-சோனிக்ஸ் கேமரா வாங்கினேன். பக்கவாட்டில் அலுமினியத் தகடு, நாசா உடைமை என்று பொறித்தது, நான்கு மூலையிலும் சின்ன ரிவெட். ஒரு ரிவெட் தளர்ந்திருந்ததால் மெல்ல நெம்பி எடுத்துப் பார்த்தேன். தகட்டுக்குக் கீழே இருந்த பெயின்ட்டும் வெளியே இருந்த பெயின்ட்டும் ஒரே நிறம், ஒரே தேய்மானம். கீழே ஒரு கீறல் இருந்தது. அது தகட்டின் ஓரத்தில் நிற்காமல் உள்ளேயிருந்து வெளியே நேராக ஓடியது. தகடு அங்கே முப்பது வருஷம் இருந்திருந்தால், அந்த இடத்துப் பெயின்ட் புதிதாக, கருமையாக இருந்திருக்கும். கீறல் தகட்டின் விளிம்போடு நின்றிருக்கும். விலையில் பாதிக்கு மேல் அந்தத் தகட்டுக்குத்தான் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து தகட்டைப் படிப்பதற்கு முன் அதன் விளிம்பைப் படிக்கிறேன்.

உங்கள் கேமராவில் அந்தப் பயம் எனக்கு இல்லை. டைமோ பட்டையின் தூக்கிய முனைக்குக் கீழே பெயின்ட் ஒரு நிழல் அழுத்தமாக இருக்கிறது, படத்திலேயே தெரிகிறது. பட்டை சுருங்கியதால் அதன் பழைய நீளம் ஒரு மெல்லிய அழுக்குக் கோடாக நிற்கிறது. ஏமாற்ற நினைக்கிறவன் "அப்பல்லோ" என்று அடித்திருப்பானே தவிர, எம்.எல்.பி. 3 என்று அடித்திருக்க மாட்டான். இதுவும் என் நம்பிக்கைக்கு ஒரு காரணம்.

துரு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஏவுதளக் கேமரா என்றால் அரித்துப் போயிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே உப்புக்காற்று கடுமைதான். ஷட்டிலின் திட எரிபொருள் பூஸ்டர்கள் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி எல்லாவற்றின் மேலும் படியும். அலுமினியத்தில் குண்டூசி குத்தின மாதிரி குழிகள் விழும். இரும்புத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெள்ளை மாவு பூக்கும். ஆனால் மேடையில் இருந்த கேமராக்கள் கனமான உலோகக் கூண்டுக்குள் இருந்தவை. அமிலம் பட்டது கூண்டின் மேல்தான். உங்கள் கேமரா சுத்தமாக இருப்பது குறை இல்லை.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன்: அந்த வீட்டு ஷெட்டில் அந்தக் கூண்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்பக்கம் தடித்த கண்ணாடி ஜன்னல் உள்ள, தூக்கவே முடியாத பெட்டி. மக்கள் கேமராவைக் கொண்டாடிவிட்டுக் கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நெருப்பைத் தொட்டது கூண்டு. கறுத்து, குழி விழுந்து, கண்ணாடி மங்கிப் போன ஒரு கூண்டு கிடைத்தால், நான் கேமராவை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கி வருவேன்.

அடுத்து உரிமை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க அரசின் பொருளை முறைப்படி கழித்து விற்காதவரை, எத்தனை வருஷம் யார் வீட்டில் இருந்தாலும் அது அரசுடையதுதான் என்பது அவர்கள் நிலை. 2011-இல் அப்பல்லோ 14-இல் போன எட்கர் மிட்செல், நிலவிலிருந்து தான் கொண்டுவந்த 16 மி.மீ. கேமராவை ஏலத்தில் விட முயன்றபோது அரசு அவர் மேல் வழக்குப் போட்டது. அவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார், அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. மறு வருஷம், 2012-இல், அந்தக் கால விண்வெளி வீரர்கள் வைத்துக்கொண்ட நினைவுப் பொருட்கள் அவர்களுக்கே சொந்தம் என்று தனிச் சட்டம் வந்தது. அது வீரர்களுக்கு மட்டும். தரையில் வேலை பார்த்தவர்களுக்கு இல்லை.

பயப்பட வேண்டாம், இந்தக் கேமராக்களில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்காக வெளியே வந்தவைதான். நம்ம ஊர் அரசு அலுவலகத்தில் கண்டம் செய்து ஏலம் விடுவார்களே, அது மாதிரி அங்கேயும் உபரிப் பொருள் ஏலம் உண்டு. ஊழியர்களே ஆசையாகப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். அதற்கு ரசீது இருக்கும். பழைய ஏல ரசீது ஒரு துண்டுத் தாள் கிடைத்தால்கூட அதை விடாதீர்கள். 1976-இல் ஹூஸ்டனில் நாசாவில் பயிற்சிப் பொறியாளராக இருந்த இளைஞர் ஒருவர், அரசு ஏலத்தில் 1,100-க்கு மேல் வீடியோ டேப் சுருள்களை 217 டாலர் 77 சென்டுக்கு வாங்கினார். டேப்பை டிவி நிலையங்களுக்கு விற்கலாம் என்பதுதான் அவர் எண்ணம். அவர் அப்பாதான் மூன்று பெட்டியின் மேல் அப்பல்லோ 11 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வைத்துக்கொள்ளச் சொன்னார். 2019 ஜூலை 20 அன்று அந்த மூன்று சுருளும் சோதபீஸ் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்கு மேல் போயின. அங்கே பெட்டியின் மேலேயே எழுத்து இருந்தது, டேப்பைப் போட்டுப் பார்த்தால் உள்ளே படமும் இருந்தது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அது பார்த்ததெல்லாம் ஃபிலிமோடு வெளியே போய்விட்டது.

விலை. விண்வெளிக்கே போய் வந்த கேமராக்களின் விலையை இதற்கு அளவாக வைக்காதீர்கள். 2014-இல் வியன்னாவில் அப்பல்லோ 15 ஹாசல்பிளாட் (ஸ்டில் கேமரா) ஒன்று 6,60,000 யூரோவுக்குப் போனது. அதே வருஷம் விண்வெளி வீரர் வாலி ஷிராவின், அப்பல்லோவுக்கு முந்தைய மெர்க்குரித் திட்டக் கால ஹாசல்பிளாட் 2,75,000 டாலருக்குப் போனது. அது வேறு சந்தை. நீங்கள் செய்ய வேண்டியது, எந்தத் தகடும் இல்லாத அதே மில்லிக்கன் மாடல் இப்போது என்ன விலைக்கு நிஜமாகக் கைமாறுகிறது என்று பார்ப்பது. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், முடிந்த ஏலங்களைப் பாருங்கள். அதுதான் அடி விலை. அதன் மேல், எம்.எல்.பி. 3 பட்டைக்காகவும், வேலை பார்த்தவர் குடும்பத்திலிருந்தே நேரடியாக வருவதற்காகவும் உங்கள் மனசு சொல்வதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ 11-க்காக ஒரு டாலரும் சேர்க்காதீர்கள். நானாக இருந்தால் பாதி விலையிலிருந்து பேச்சைத் தொடங்கி, பட்டையின் கதையை மகளிடம் மறைக்காமல் சொல்லியே பேசுவேன். அவருக்கும் அவர் அப்பாவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஓட்டலாமா என்ற கேள்விக்கு: இப்போதைக்கு வேண்டாம். இந்த வகையில் பல 28 வோல்ட் டி.சி.யில் ஓடும். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். அந்த நிலையில் சுவிட்ச் போட்டால் மோட்டார் முழு வேகத்துக்குத் தாவும், ஃபிலிமை இழுக்கும் நகங்களும் பின்களும் ஒரு நொடியில் வளைந்துவிடும். அதற்கு மாற்று உதிரி கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த அதிவேகக் கேமராக்கள் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் துளையுள்ள ஃபிலிம் வேண்டும், இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பக்கத் துளை. கேமரா வாங்கினதும் முதலில் செய்ய வேண்டியது வேறு. கதவை வெளிச்சத்தில் திறக்காதீர்கள். டார்க் பேக்குக்குள், அதாவது வெளிச்சம் புகாத, கை நுழைக்கும் பைக்குள், வைத்துத் திறந்து, விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே ஃபிலிம் இருந்தால் அப்படியே மூடிவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆறாவது படத்தில் ஃபிலிம் அளவைக் காட்டும் எண்ணிக்கைக் காட்டி சுழியத்தில் இல்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனாலும் கவனம்.

இந்தியாவுக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால், அதிவேகக் கேமராக்களில் சில வகைகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரும். அனுப்புவதற்கு முன் அது தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். அதில் நான் யோசனை சொல்வது சரியாக இருக்காது.

கடைசியாக, எதையும் துடைக்காதீர்கள். ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம். ஆரம்ப காலத்தில் ஒரு கேமராவைப் பளபளவென்று ஆக்குகிறேன் என்று, மூடியின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த நான்கைந்து தேதிகளை நானே அழித்திருக்கிறேன். சர்வீஸ் தேதிகள். அவற்றை மறுபடி எழுத என்னால் முடியாது. உங்கள் டைமோ பட்டையின் தூக்கிய முனையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், அழுத்தவும் வேண்டாம், நொறுங்கிவிடும். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, சிலிகா ஜெல் பை ஒன்று போட்டு, காற்று போகிற பெட்டியில் வையுங்கள். வாங்குவதற்கு முன் மகளிடம் ஒரு முறை கேளுங்கள்: அப்பாவின் மேஜை டிராயரில் பழைய ரசீது, அடையாள அட்டை, நோட்டுப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று. வீட்டுச் சாமான் விற்கும்போது அந்த டிராயரைத்தான் முதலில் குப்பையில் கொட்டுவார்கள்.